சுஷீலா போட்ட கையெழுத்து

சுஷீலா யாரையும் தொட்டு எழுப்ப மாட்டாள். ஃபிஜித் தீவின் லௌட்டோக்காவில் நான் வேலை பார்த்த தனியார் கிளினிக்கில் கூட்டிப் பெருக்குவது, டீ போடுவது, டோக்கன் எண்ணைக் கூவி ஆட்களை உள்ளே அனுப்புவது எல்லாம் அவள்தான். மத்தியானம் கடைசி நோயாளி போனதும் பரிசோதனைக் கட்டிலிலேயே சாய்ந்து கால்மணி நேரம் கண்ணயர்வேன். இரண்டு மணிக்கு அவள் டீயோடு வந்து கதவோரம் நின்றுகொண்டு, கரண்டியால் கிளாஸைத் தட்டத் தொடங்குவாள். நான் அசையும்வரை தட்டுவாள். தலைவலியே வந்துவிடும். கிட்டே வந்து தோளைத் தொட்டு எழுப்பினால் என்ன குறைந்துபோகும் என்று எத்தனையோ முறை கடிந்திருக்கிறேன். "சரிங்க டாக்டரம்மா" என்பாள். மறுநாளும் கரண்டிதான்.

நான் நாமக்கல்காரி, பெயர் பார்கவி. கணவர் ரகுநாதனுக்கு அங்கே இன்ஜினீயர் வேலை கிடைத்ததால் 2003இல் போனேன். இரண்டு வருடத்தில் திரும்பிவிடுவதாகத்தான் பேச்சு. அந்த ஊர் டாக்டர்களெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு ஆக்லாந்துக்கும் சிட்னிக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்கள் விட்டுப்போன நோயாளிகள் அத்தனை பேரும் என் தலையில் வந்து விடிந்தார்கள். தமிழில் நாலு வார்த்தை பேச அங்கே எனக்குக் கிடைத்த ஆள் சுஷீலா ஒருத்திதான். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள் என்பதால் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

அவள் பிறந்தது ஃபிஜியிலேயே ராக்கிராக்கி பக்கம் இருக்கிற இன்னொரு பினாங்கில். அவள் அப்பா அங்கே சர்க்கரை மில்லில் கொதிகலன் முன்னால் வெந்து உழைத்தவர். அவருக்குத் தமிழ் பேச ஆள் இல்லாமல் மகளிடம் பேசினார். அப்படி வந்த தமிழ்தான் அவளுடையது. இருபது வயதில் லௌட்டோக்காவை ஒட்டிய ட்ராசாவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை பொன்சாமி, பன்னிரண்டு ஏக்கர் குத்தகை நிலத்தில் கரும்பு போட்டவர். இருபத்தொன்பது வயதில் அவரை இழந்தாள். பிறகு பன்னிரண்டு வருடம் தானே கரும்பு வெட்டி, ஒற்றை மகன் ரவீந்திராவை வளர்த்தாள். 2000இல் மறுபடியும் ஆட்சி கவிழ்ந்தது, அதே வருடம் குத்தகையும் முடிந்தது. வெட்டாத கரும்பு நிற்க நிற்க நிலத்தைக் கொடுத்துவிட்டு, ட்ராசாவிலேயே ரோட்டோரம் ஒரு தகர வீட்டுக்குக் குடிவந்தாள். கிளினிக் வேலை அதற்கு அடுத்த வருடம் கிடைத்தது.

பொன்சாமி எப்படி இறந்தார் என்பது நான் வந்த முதல் மாதமே தெரிந்துவிட்டது. அது ஊருக்கே தெரிந்த கதை. 1987இல், இந்தியர்கள் கை ஓங்கிவிட்டது என்று சொல்லி, மே மாதம் ஒரு முறை, செப்டம்பரில் மறுமுறை என்று ஃபிஜியர்களின் பட்டாளம் ஆட்சியைப் பிடித்தது. அக்டோபரில் பொன்சாமி மில்லுக்குக் கரும்பு லாரி ஓட்டிப்போனபோது சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். இறக்கி, துப்பாக்கிக் கட்டையால் அடித்தார்கள். மூன்றாம் நாள் உள்காயத்தில் செத்துப்போனார். வயது முப்பத்து நான்கு. அன்று சாவடியில் நின்றவர்களில் பக்கத்து ஃபிஜிய கிராமத்து ஆள் ஒருவன் உண்டு என்பார்கள். பெயர் மட்டும் சொல்ல மாட்டார்கள். கோயில் மண்டபத்தில் பொன்சாமியின் படம் மாட்டியிருந்தது. வருடா வருடம் அக்டோபரில் அதற்கு மாலை போட்டு யாராவது ஒருவர் பேசுவார். சுஷீலா முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பாள். துக்கம் என்று நினைத்தேன்.

மகன் ரவீந்திரா ஒரு பஸ் கராஜில் மெக்கானிக். அவனுக்குத் தமிழ் பத்து வார்த்தை தேறாது, ஹிந்திதான். நல்ல உழைப்பாளி, வாய் அதிகம் பேசாதவன். ஆனால் அப்பா பேச்சு வந்தால் முகம் கல்லாகிவிடும். தெருவில் சீருடையைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவான். 2006 டிசம்பரில் நாலாவது தடவையாக ஆட்சி கவிழ்ந்ததும், போதும் இந்த ஊர் என்று முடிவு செய்தான். கனடாவில் அவன் சித்தப்பா அப்பலசாமி இருந்தார், பொன்சாமியின் தம்பி. எண்பத்தெட்டிலேயே மனைவி சுமித்ராவோடு போய்விட்டவர். அவர் பார்க்கிற பட்டறையிலேயே இவனுக்கும் வேலை பேசிவைத்து, விசாவுக்கு மனுப் போட்டாகிவிட்டது. தலைநகர் சுவாவில் மருத்துவப் பரிசோதனை முடிந்தால் கிளம்பவேண்டியதுதான்.

இந்த நேரத்தில்தான் அவனுக்கு டெங்கு வந்தது. மார்ச் மாதம், மழை விட்ட பிறகு ஊர் முழுக்கக் கொசு. நாலாம் நாள் கராஜில் பஸ்ஸுக்கு அடியிலிருந்து எழுந்தவன் அப்படியே சரிந்துவிட்டான் என்று இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வந்து சேரும்போது தெளிந்துவிட்டான். காய்ச்சல் நூற்று மூன்று. காய்ச்சலில் மயக்கம் வருவது சகஜம். ஆனாலும் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் விளக்கை அணைத்தது போல விழுந்தான் என்று கூட வந்தவர் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. இ.சி.ஜி. எடுத்தேன்.

நெஞ்சுக்கு வலப்பக்கம் ஒட்டுகிற முதல் இரண்டு கம்பிகளின் கோடும், சட்டென்று கீழே இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல், உயரத்தில் தொடங்கிச் சரிவாக வழிந்தது. படித்த காலத்தில் புத்தகத்தில் பார்த்த வடிவம். நேரில் அன்றுதான் பார்த்தேன். கம்பிகளை எடுத்துவிட்டு மறுபடி ஒட்டினேன். அதே கோடுதான் வந்தது.

அவனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். உன் குடும்பத்தில் யாராவது சின்ன வயதில், நோய் நொடி இல்லாமல், தூக்கத்தில் இறந்திருக்கிறார்களா? அவன் இல்லை என்றான். அப்பா எப்படி என்று கேட்டேன். அதுதான் ஊருக்கே தெரியுமே, அடித்துக் கொன்றார்கள் என்றான். சுஷீலா சுவரோரம் ஈரத்துணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகன் நெற்றியில் போட வேண்டிய துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள். அதில் தண்ணீர் எப்போதோ தீர்ந்துவிட்டது.

மறுநாள் காலை கிளினிக் திறக்குமுன் வந்து என் மேஜைக்கு முன்னால் நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"டாக்டரம்மா, நேத்து எம்புள்ள சொன்னது பொய்யி. ஆனா அது பொய்யின்னு அவனுக்குத் தெரியாது" என்றாள்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். பொன்சாமி இறந்த அன்று காலை டீ எடுத்துக்கொண்டு போய், ஏன் இன்னும் எழவில்லை என்று தோளைத் தொட்டிருக்கிறாள். உடம்பு ஜில்லென்றிருந்தது. கையில் டீ சுட்டுக்கொண்டிருந்தது. மேலே ஒரு கீறல் கிடையாது. யாரும் அடிக்கவும் இல்லை. சாவடியில் நிறுத்தியது நிஜம், விட்டுவிட்டதும் நிஜம். வந்த டாக்டர் இதயம் நின்றதால் மரணம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். இதயம் நிற்காமல் யார்தான் செத்தது? சாவு வீட்டில் யாரோ ஒருவர், மூன்று நாளைக்கு முன்னால் பட்டாளம் வழிமறித்ததே, உள்ளே ஏதாவது அடி பட்டிருக்குமோ என்றார். பொழுது சாய்வதற்குள் அந்த 'ஏதாவது' உதிர்ந்துவிட்டது. அடித்துக் கொன்றுவிட்டார்கள் என்றே பேச்சு பரவிவிட்டது. அழுதுகொண்டிருந்தவள் எதை மறுப்பாள்?

அடுத்த வருடம் அப்பலசாமி கனடாவில் அகதியாகச் சேர மனுப் போட்டார். உயிருக்கு ஆபத்து என்று காட்ட ஏதாவது வேண்டும். அண்ணன் பட்டாளத்தாரால் அடிபட்டுச் செத்ததாக இரண்டு பக்கம் ஆங்கிலத்தில் வாக்குமூலம் தட்டச்சு செய்துகொண்டு வந்தார். கண்ணால் பார்த்த சாட்சியாக மனைவி கையெழுத்துப் போட வேண்டும். அவர் கெட்டவர் இல்லை, பயந்துபோயிருந்தார் என்றாள் சுஷீலா. செத்தவருக்கு இதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை அண்ணி, இருக்கிறவர்கள் பிழைத்துக்கொள்வோம், போனதும் உங்களையும் பிள்ளையையும் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்றார். வாக்குமூலங்களுக்குச் சான்று கொடுக்கிற சமாதான நீதிபதி ஒருவர் முன்னிலையில் போய் எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டாள். அவர் போனார். போன பிறகுதான் தெரிந்தது, அந்த நாட்டுச் சட்டத்தில் அண்ணன் மனைவி குடும்பத்தில் சேர்த்தி இல்லை. பாவம், மனசறிந்து ஏமாற்றவில்லை. ரவீந்திராவின் படிப்புச் செலவு முழுக்க அவர்தான் பார்த்தார். தீபாவளிக்குத் தீபாவளி பார்சல் தவறியதில்லை.

"பேப்பர்ல எழுதினதத்தான எல்லார்கிட்டயும் சொல்லணும்? ஆறு வயசுப் புள்ள, இஸ்கூல்ல போயி வேற மாதிரி சொல்லிட்டா அவங்கள திருப்பி அனுப்பிருவாங்கன்னு பயம். அவன்கிட்டயும் அதையே சொன்னேன். சொல்லிச் சொல்லி எனக்கே அவர அடிக்கிறது கண்ணுக்குத் தெரியும் டாக்டரம்மா" என்றாள்.

மாமனாரைப் பற்றிக் கேட்டேன். அவள் வாழ்க்கைப்பட்டு வருவதற்கு முன்பே இறந்தவர். நாற்பது வயது. தீபாவளிக்கு மறுநாள் காலையில் எழுந்திருக்கவில்லை. புண்ணியவான், யாரையும் படுத்தாமல் போய்ச் சேர்ந்தார் என்று ஊரே சொன்னதாம்.

எனக்கு வந்த கோபம் யார் மேல் என்று இன்றுவரை தெரியவில்லை. பிலிப்பைன்ஸிலும் தாய்லாந்திலும் இந்தச் சாவுக்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். நம்மவர்கள் நல்ல சாவு என்று சொல்லிவிட்டுக் காரியத்தைக் கவனிக்கப் போய்விடுகிறோம்.

அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்லிப் பார்த்தேன். இதயத் தசைக்குள் உப்புச் சத்து போய்வர நுணுக்கமான வாசல்கள் உண்டு. அவற்றைக் கட்டுகிற குறிப்பு நம் மரபணுவில் எழுதியிருக்கிறது. சில குடும்பங்களில் அந்தக் குறிப்பில் ஒரு பிழை இருந்துவிடும். பெற்றவர்களில் ஒருவருக்கு அது இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. பெண்களுக்கும் வரும்; ஆனால் அதிகம் சாகிறது முப்பது, நாற்பது வயது ஆண்கள், அதுவும் உறக்கத்தில். மற்ற நேரத்தில் ஒரு தொந்தரவும் இருக்காது, மூட்டை தூக்கலாம், பந்து விளையாடலாம். காய்ச்சல், வயிறு முட்டின சாப்பாடு, சில மாத்திரைகள் இதைக் கிளப்பிவிடும். செத்த பிறகு அறுத்துப் பார்த்தாலும் இதயம் சுத்தமாகத்தான் தெரியும். ரத்தத்தை வெளிநாட்டுக்கு அனுப்பி மரபணுவைச் சோதித்தாலும், முக்கால்வாசிக் குடும்பங்களில் பிழை எங்கே என்று அகப்படாது. அதனால்தான் குடும்பத்தில் யார் எந்த வயதில் எப்படிப் போனார்கள் என்கிற விவரம் எங்களுக்கு ரத்தச் சோதனையைவிடப் பெரிது. அந்த விவரத்தைத்தான் இவள் இருபது வருடத்துக்கு முன்னால் கையெழுத்துப் போட்டு மாற்றிவைத்திருந்தாள். இதை அவளிடம் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருந்தது.

"பொய்க் கையெழுத்துப் போட்டதுக்குத்தான் மாரியம்மா எம்புள்ளைக்கு இதக் கொடுத்துட்டா" என்றாள்.

"உங்க மாமனார் எதுல கையெழுத்துப் போட்டாராம்?" என்று எரிந்து விழுந்தேன். வெளியே டோக்கன் பதினெட்டு வரை ஆள் சேர்ந்துவிட்டிருந்தது.

காய்ச்சல் இறங்கியதும் ரவீந்திராவை வரவழைத்து இருவருமாகச் சொன்னோம். மறுபடி இ.சி.ஜி. எடுத்தேன். அதில்தான் வந்தது வினை. காய்ச்சல் விட்டுப்போனதால் கோடு சுத்தமாக, சொன்னபடி கேட்கிற பிள்ளையாட்டம் வந்தது. இந்த நோய் அப்படித்தான், தேடும்போது ஒளிந்துகொள்ளும். இப்போது நல்லாத்தானே இருக்கிறது என்று காகிதத்தைத் தூக்கிக் காட்டினான். அப்பாவைப் பற்றி அம்மா சொன்னதை முழுதும் கேட்டான். கேட்டு முடித்துவிட்டு, என்னை அனுப்பப் பிடிக்கவில்லை என்றால் நேராகச் சொல்லியிருக்கலாம், அதற்காகச் செத்த அப்பாவைக் கேவலப்படுத்த வேண்டுமா என்றான். என் பக்கம் திரும்பி, நீங்களும் கூடவா டாக்டர் என்றான். எழுந்து போய்விட்டான்.

அவனைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிள்ளையை விட்டுக்கொடுக்க மனமில்லாத தாய்மார்கள் மயக்கம் போட்டு விழுவதையும், திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொள்வதையும் அந்த ஊரில் மாதம் ஒன்றாவது பார்ப்பேன். விசா வந்த வீட்டில்தான் நெஞ்சுவலி அதிகம். அவனும் அதையெல்லாம் பார்த்து வளர்ந்தவன்தான்.

சுவாவில் பரிசோதனைக்குத் தேதி வந்தது. ஒரு மாதம் இருந்தது. அங்கே ஒரு படிவம் கொடுப்பார்கள். மயங்கி விழுந்தது உண்டா, குடும்பத்தில் திடீர் மரணம் உண்டா என்று கேட்டிருக்கும். இல்லை, இல்லை என்று எழுதுவான். கனடாவில் போய் இறங்குவான். அங்கே ஒரு குளிர்காலக் காய்ச்சலில் படுப்பான். துடிப்பு தப்பினால் உள்ளேயிருந்தே அதிர்ச்சி கொடுத்து மீட்கிற கருவியை அவன் நெஞ்சில் பொருத்தக்கூடிய ஆஸ்பத்திரி பக்கத்துத் தெருவிலேயே இருக்கும், அவனுக்கு அது வேண்டும் என்று யாருக்கும் தெரியாது. காய்ச்சல் வந்தால் உடனே மாத்திரை போடு, மயக்கம் வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடு என்று ஒரு தாளில் எழுதி அவன் மனைவி ஷரீனிடம் கொடுத்தனுப்பினேன். அவன் அதைக் கிழித்துப் போட்டதாகவும், அவள் துண்டுகளைப் பொறுக்கி வைத்திருப்பதாகவும் சுஷீலா சொன்னாள்.

இனி அவன் நம்புவதாக இருந்தால் அப்பலசாமி சொன்னால்தான் உண்டு. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் போன் கார்டு வாங்கிவந்து என் அறையிலிருந்தே கூப்பிட்டாள். அங்கே முந்தின நாள் சாயங்காலம். நலம் விசாரித்த கையோடு விஷயத்தைச் சொன்னாள். ரவீந்திராவிடம் ஒரு வார்த்தை நீ சொல்லிவிடு, அது போதும் என்றாள். மறுமுனையில் குரல் இறங்கிப்போனது எனக்கே கேட்டது. போனில் இதெல்லாம் வேண்டாம் அண்ணி என்றார். அந்தப் பேப்பரை வைத்துத்தான் நாங்கள் இங்கே குடியுரிமையே வாங்கினோம், பொய் என்று தெரிந்தால் எத்தனை வருடம் ஆனாலும் பிடுங்கிக்கொள்ளலாம், வீடு, வேலை, பையன் படிப்பு எல்லாம் இங்கேதான் இருக்கிறது என்றார். அழுகிற குரலாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

சுஷீலா முழுக்கக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "உன் புள்ளைக்கும் அதே ரத்தம்தான அப்பலசாமி. ரஜனேஷுக்குக் காச்ச வந்தா பாத்துக்க. நீயும் பாத்துக்க."

போன் வைத்துவிட்ட சத்தம் கேட்டது. அவள் ரிசீவரைத் துடைத்து இடத்தில் வைத்தாள். கார்டில் இன்னும் நிமிடம் பாக்கி இருக்கிறது, நீங்கள் ஊருக்குப் பேசுங்கள் என்று என்னிடம் நீட்டினாள்.

அதன் பிறகு மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. அவள் பெருக்கினாள், டீ போட்டாள், டோக்கன் கூவினாள். காலையில் கிளம்புமுன் மகன் அறை வாசலில் நின்று, தகரச் சுவரைத் தட்டி, அவன் உறுமுகிற சத்தம் கேட்ட பிறகுதான் பஸ் ஏறுவாளாம். அப்படி அவன் சிறுவனாக இருந்ததிலிருந்தே செய்கிறாளாம். எத்தனை வருடம் என்று நான் கணக்குப் பார்க்கவில்லை. கரண்டியைப் பற்றி அதன் பிறகு அவளிடம் முறையிட்டதும் இல்லை. எனக்கு அந்த நாட்களில் எதுவுமே செய்யத் தோன்றவில்லை. ஊருக்குத் திரும்பிவிடலாமா என்று ரகுநாதனிடம் கேட்டேன். அவரும் களைத்துப் போய்த்தான் இருந்தார், பார்க்கலாம் என்றார்.

சுவாத் தேதிக்கு ஆறு நாள் இருக்கும்போது கிளினிக் முகவரிக்கு என் பெயரில் ஒரு தடித்த உறை வந்தது. கனடாத் தபால் தலை. ரவீந்திரா என்னைப் பார்க்க வரமாட்டான் என்பதால் ஞாயிற்றுக்கிழமை காலை நானே ட்ராசாவுக்கு எடுத்துக்கொண்டு போனேன். வீட்டில் ஷரீன் ரொட்டி போட்டுக்கொண்டிருந்தாள். அவன் முற்றத்தில் யாருடைய மோட்டாரையோ பிரித்து வைத்திருந்தான். வேண்டா வெறுப்பாகக் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தான்.

உறையை அவனையே பிரிக்கச் சொன்னேன். முதலில் இருந்தது ரஜனேஷின் இ.சி.ஜி. பதினாறு வயதுப் பையன். மருந்து ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள். ஒளிந்திருந்த கோடு வெளியே வந்திருக்கிறது. அதே சரிவு. ரவீந்திராவுடைய பழைய தாளைப் பக்கத்தில் வைத்தேன். ஒரே கை எழுதின மாதிரி இருந்தது. அடுத்தது அந்த ஆஸ்பத்திரியின் குடும்ப விவரப் படிவத்தின் நகல். அப்பலசாமியே ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். அப்பா, தூக்கத்தில் இறந்தார், வயது நாற்பது. அண்ணன் பொன்சாமி, தூக்கத்தில் இறந்தார், வயது முப்பத்து நான்கு. காயம் எதுவும் இல்லை. கீழே கையெழுத்துப் போட்டிருந்தார்.

கடைசியாக ரவீந்திராவுக்கு ஒரு சின்னக் கடிதம். உன் அம்மா சொன்னது உண்மை. அந்தப் பொய்யை எழுதவைத்தது நான். இது வெளியே போனால் எங்களுக்கு என்ன ஆகும் என்று வக்கீலைக் கேட்டேன், சொல்ல முடியாது என்கிறார். வருவது வரட்டும். நீ படிவத்தில் உண்மையை எழுது. இவ்வளவுதான் அதில் இருந்தது.

பின்னால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அவன் உண்மையைத்தான் எழுதினான், விசா கிடைக்கவில்லை. சென்னையில் என்னோடு படித்தவர் ஒருவரிடம் அனுப்பினேன். அங்கே நெஞ்சில் கருவி வைத்துக்கொண்டு ட்ராசாவுக்கே திரும்பி வந்தான். அப்பலசாமிக்கு இதுவரை கனடா அரசிடமிருந்து கடிதம் எதுவும் வரவில்லை. ஆனால் அன்று ஞாயிற்றுக்கிழமை எங்கள் யாருக்கும் இதெல்லாம் தெரியாது.

அவன் அந்தப் படிவத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அம்மாவைப் பார்த்தான். இருபத்தாறு வயது ஆண்பிள்ளை, கை முழுக்க எண்ணெய்க் கறை. ஹிந்தியில் கேட்ட குரல் மட்டும் சின்னப் பிள்ளையின் குரலாக இருந்தது.

"அப்ப, அப்பாவ யாரும் அடிக்கலியா?"

"இல்ல பேட்டா" என்றாள் சுஷீலா. "யாரும் அடிக்கல."

அவன் அழுதான். நான் அதைக் கொஞ்சமும் எதிர்பார்க்கவில்லை. கோபப்படுவான், கோயிலில் இருக்கிற படத்தைக் கழற்றி எறிவான் என்று பயந்துகொண்டு வந்தவள் நான். அவனோ தரையில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். சின்ன வயதிலிருந்து படுக்கப் போகும்போதெல்லாம் அந்த அடியை நினைத்துக்கொண்டே படுத்ததாகவும், எங்கே அடித்தார்கள், அப்பா கத்தினாரா என்று யாரிடமும் கேட்க முடியாமல் இருந்ததாகவும் விக்கி விக்கிச் சொன்னான். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

சுஷீலா கிட்டே போய் உட்கார்ந்தாள். பொன்சாமியின் கடைசி ராத்திரி நடந்ததை முதல் தடவையாகச் சொன்னாள், பாதி ஹிந்தியும் பாதி தமிழுமாக. மரவள்ளிக்கிழங்கு அவித்து டின் மீன் குழம்பு வைத்திருந்தாளாம். இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாராம். உன்னை முதுகில் ஏற்றிக்கொண்டு வீட்டைச் சுற்றினார், பிறகு படுத்தார், அவ்வளவுதான் என்றாள்.

சாவடியில் நிறுத்தினார்களே, அது என்று கேட்டான்.

"நிறுத்தினவன் நம்ம கேங்குல கரும்பு வெட்டின ஆளுதான். அந்தக் கிராமத்து ஆளு. அப்பாவப் பாத்துச் சிரிச்சிருக்கான். பட்டாளத்துல ரொம்ப பசிக்குதுன்னானாம். அப்பா தன்னோட ரொட்டிய அவன்கிட்ட கொடுத்துட்டு வந்தாரு. வந்து என்கிட்ட சொல்லிச் சிரிச்சாரு."

ரவீந்திரா தலையைத் தூக்கினான். அந்த ஆள் இப்போது எங்கே என்றான்.

"எங்க போவான், இங்கதான் இருக்கான்" என்றாள். "ட்ராசா பஸ்ல பாப்பேன். நம்ம ஆளுங்க யாரும் அவன் பக்கத்துல உக்கார மாட்டாங்க. என்னப் பாத்ததும் எழுந்து சீட்டு கொடுப்பான். இருபது வருஷமா கொடுக்கிறான். ஏன் அப்பிடிச் சொன்னேன்னு ஒரு நாளும் கேக்கல. நானும் உக்காந்துக்குவேன்."

அடுப்பில் ரொட்டி கருகும் வாசனை வந்து, ஷரீன் எழுந்து போனாள்.

சுஷீலா சேலையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஃபிஜியர்களிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறவர்கள் வெறுங்கையோடு போவதில்லை. இடித்துத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற யங்கோனா வேரைக் கட்டாகக் கட்டி எடுத்துக்கொண்டு போய், தரையில் உட்கார்ந்து, தலைகுனிந்து முன்னால் வைக்க வேண்டும். மகனின் தோளில் கையை வைத்து அவனை எழுப்பினாள்.

"மார்க்கெட்டு மூடறதுக்குள்ள போயி ஒரு கட்டு யங்கோனா வாங்கிட்டு வா. நல்ல வேரா பாத்து வாங்கு. இன்னிக்கே போயிருவோம்."